கணினியும் களைகளும்

ஆனித் திங்களின் தொடக்கத்தில், "ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது" என்னும் சொல் தஞ்சைத் தரணியின் ஊர்தோறும் பரவும். மேட்டூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் கல்லணையை வந்தடைந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து செல்லும். ஆறுகளிலிருந்து வாய்க்கால்களும், வாய்க்கால்களிலிருந்து கிளை வாய்க்கால்களும் புறப்பட்டு, இறுதியில் ஒரு சிறு மடையின் வழியே நீர் வயலுக்குள் நுழையும். ஒருநாள் ஓர் உழவனுடைய வயலில் மட்டும் நீர் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவன் அணையில் நீர் இல்லை என்று அழுவதில்லை. அண்டை வயற்காரன் அடைத்துவிட்டான் என்று உடனே பூசலுக்குப் புறப்படுவதும் இல்லை. மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதலில் தன் மடையைப் பார்ப்பான். பின்னர் அண்டை வயலை நோக்குவான். அங்கே நீர் நிற்குமாயின் குற்றம் தன் மடையில் என்று தெளிவான். அங்கும் இல்லையாயின் வாய்க்காற் கரையேறித் தலைமதகு நோக்கி நடப்பான். நீர் எதுவரை வந்து எங்கே நின்றது என்று கண்டால், அடைப்பும் அவ்விடத்தில்தான் இருத்தல் வேண்டும்.

கணினியில் நேரும் பழுதைக் காண்பதற்கும் இதனினும் நல்ல முறை வேறில்லை. யான் இதனை நூலிற் கற்கவில்லை, பட்டுக் கற்றேன். அவ்வரலாற்றைக் கூறுமுன், உலாவி என்பது யாது என்று சிறிது அறிந்துகொள்வோம்.

உலகின் எங்கோ ஒரு மூலையிலுள்ள கணினியில் இருக்கும் பக்கத்தை வேண்டிப் பெற்று, நம் திரையில் விரித்துக் காட்டும் நிரலே உலாவி எனப்படும். சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் 1990ஆம் ஆண்டில் முதல் உலாவியை இயற்றினார். இக்காலத்துக் குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் என்பன அவ்வழியில் பின்வந்தவை. தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், சிற்றூர்களிலும் பல இல்லங்களில் உலாவி நுழைந்தது. வயலுக்கு மடை எவ்வாறோ, வீட்டுக் கணினிக்கு உலாவி அவ்வாறு. நல்ல நீர் அவ்வழியே வரும். களை விதையும் அந்நீரிலேயே மிதந்து வரும். கணினிக்குக் களையாய் அமையும் தீய நிரல்களைத் தீநிரல் என்பர்.

இனி, நடந்ததைக் கூறுவேன். திருவையாற்றுக்கு அருகே குடமுருட்டியாற்றங்கரையில் அமைந்தது எங்கள் சிற்றூர். பள்ளிப் பணியினின்று ஓய்வு பெற்றபின், என் மகன் பழையதென்று விட்டுச்சென்ற மேசைக்கணினி ஒன்று எனக்குத் துணையாயிற்று. ஓர் ஐப்பசித் திங்களில், மழை தூறிக்கொண்டிருந்த மாலைப்பொழுதில், அண்டை வீட்டு உழவர் ஒருவர் நனைந்த துண்டோடு வந்து நின்றார். சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்குப் பெயர் பதிய இன்னும் இரண்டு நாள்களே இருந்தன. 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்த காலத்துத் துன்பத்தைக் கண்டவர் எவரும் அக்காப்பீட்டை எளிதாக எண்ணார். அவர் சிட்டா, அடங்கல், ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியவற்றை நகலெடுக்கும் கடையொன்றில் படமாக்கி, ஒரு பென்டிரைவில் பதித்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஐயா, நீங்கள்தாம் பதிந்து தரவேண்டும்" என்றார். "அதற்கென்ன, தம்பி! அமருங்கள்" என்று கூறி, பென்டிரைவைக் கணினியிற் செருகினேன். உள்ளே ஓர் உறையின் உருவம் தெரிந்தது. அதனைத் திறந்தேன், படங்கள் தோன்றின. அதுவரை குறையொன்றும் இல்லை. அச்சமயத்தில் திரையின் மூலையில், "உம் கணினியில் ஐந்து நச்சுநிரல்கள் உள்ளன" என்றோர் அறிவிப்பு எழுந்தது. யாதென்று அறியும் ஆவலால் அதன்மேல் அழுத்தினேன். அவ்வளவுதான்! திரை முழுதும் செந்நிறமாயிற்று, எச்சரிக்கை மணி விடாது ஒலித்தது, "கணினியை அணைத்தால் அனைத்தும் அழியும், உடனே இவ்வெண்ணை அழையுங்கள்" என்று ஒரு தொலைபேசி எண்ணும் தோன்றியது.

என் கை தொலைபேசியை நாடியது என்பதை மறைக்கமாட்டேன். பத்தாம் வகுப்பிற் பயிலும் என் பெயர்த்தி ஓடிவந்து, "தாத்தா, அழைக்காதீர்கள்! நோய் கண்டேன் என்று சொல்பவனே மருந்துக்குப் பணமும் கேட்கிறான், பாருங்கள்" என்று தடுத்தாள். அவள் கூறியது முற்றும் உண்மை. அவ்வெண்ணை அழைத்தால், மறுமுனையிலிருப்பவன் கணினியைத் தொலைவிலிருந்தே இயக்கும் நிரலொன்றை நம் கையாலேயே நிறுவச் செய்வான். பின்னர் வங்கிக் கணக்கைத் திறக்கச் செய்வான். எத்துணையோ முதியோர் தம் ஓய்வூதியச் சேமிப்பை இவ்வழியில் இழந்திருக்கின்றனர். உலாவியின் பக்கம் ஒன்று நம் கணினியினுள் நச்சுநிரல் இருப்பதைத் தேடிக் காணவல்லதன்று. அது படம், அவ்வளவே. எஸ்கேப் விசையைச் சிறிதுநேரம் அழுத்திப் பிடித்தால் விரிந்த திரை சுருங்கும். அதற்கும் அடங்காதாயின் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி, டாஸ்க் மேனேஜர் என்னும் பகுதியைத் திறந்து, உலாவியை முடித்துவிடலாம்.

யான் அவ்வாறு செய்யவில்லை. அச்சத்தால் மின்கம்பியையே பிடுங்கிவிட்டேன். மீண்டும் இணைத்து இயக்கியபோது புதியதொரு தொல்லை காத்திருந்தது. காப்பீட்டுத் தளம் திறக்கவில்லை. அரசுத் தளங்கள், செய்தித்தாள், அகராதி என எதனைத் திறப்பினும், "உம் இணைப்புப் பாதுகாப்பானதன்று" என்னும் ஒரே விடை வந்தது. "ஐயோ, அந்த நச்சுநிரல் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதே!" என்று யான் தலையிற் கை வைத்தேன். அப்பொழுது, என்னினும் அமைதியாக இருந்தவர் அவ்வுழவரே. "ஐயா, உங்கள் வீட்டில் மற்றொரு கருவியிலும் இதே இணைப்பு வருமல்லவா? அதில் நீர் ஏறுகிறதா, பாருங்கள்" என்றார். கணினியை ஒருநாளும் தொட்டறியாத அவர் கேட்டதே கேட்கவேண்டிய முதற்கேள்வி.

அதே வீட்டு இணைப்பில் பெயர்த்தியின் தாயுடைய கைப்பேசி இயங்கியது. அதில் அத்தளங்கள் தடையின்றித் திறந்தன. ஆகவே வாய்க்காலில் நீர் உண்டு, தளங்களிலும் பழுதில்லை, குற்றம் எங்கள் மடையில். அடுத்து, கணினியில் இருந்த இரண்டாவது உலாவியைத் திறந்தோம். அதிலும் அதே விடை. ஓர் உலாவியில் மட்டும் பழுதாயின் அவ்வுலாவியின் நீட்சிகளையும் சேமிப்பையும் ஐயுறலாம். இரண்டிலும் ஒரே பழுதாயின், இரண்டிற்கும் பொதுவாயுள்ள கணினியையே ஐயுறல் வேண்டும். பெயர்த்தி எச்சரிக்கையின் கீழிருந்த சிற்றெழுத்துகளைப் பொறுமையாகப் படித்தாள். கடிகாரம் பின்தங்கியுள்ளது என்று அங்கே எழுதியிருந்தது! திரையின் மூலையை நோக்கினோம். 2015ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் என்று கணினி அமைதியாகக் காட்டிக்கொண்டிருந்தது.

இதன் காரணம் அறியத்தக்கது. ஒவ்வொரு நல்ல தளமும் தான் இன்னார் என்பதற்கு ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். அச்சான்றிதழ் இன்ன நாள் முதல் இன்ன நாள்வரை செல்லும் என்று அதிற் குறித்திருக்கும். உலாவி அந்நாள்களைத் தன் கணினியின் நாட்காட்டியோடு ஒத்துப்பார்க்கும். நாட்காட்டி பல்லாண்டு பின்னோக்கிச் சென்றுவிட்டால், நேற்று வழங்கிய சான்றிதழும் இன்னும் பிறக்காத சான்றிதழாகத் தோன்றும்; உலாவி அதனை ஏற்க மறுக்கும். பஞ்சாங்கம் பழையதாயின் முகூர்த்தம் எவ்வாறு பொருந்தும்? கணினியினுள்ளே சி.ஆர். 2032 என்னும் நாணய வடிவான சிறு மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாப் பொழுதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். என் கணினியில் அது எப்பொழுதோ செத்திருந்தது. யு.பி.எஸ். கருவியோடு கணினி எப்பொழுதும் இணைந்தேயிருந்தமையால் அக்குறை வெளிப்படவில்லை. யான் கம்பியைப் பிடுங்கிய கணமே காலம் பின்னோக்கிப் பாய்ந்துவிட்டது. நச்சுநிரலின் வேலை என்று யான் அஞ்சியது என் கையின் வேலையே! நாளையும் நேரத்தையும் திருத்தினோம். எல்லாத் தளங்களும் திறந்தன.

உழவர் முகம் மலர்ந்து, "இனிப் பதியலாமே, ஐயா" என்றார். பெயர்த்தி இசையவில்லை. "மாமா, பதிவதற்கு உங்கள் வங்கிக் கணக்கு எண்ணையும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் இங்கே தட்டவேண்டும். இக்கணினியில் உண்மையாகவே ஏதேனும் இருந்தால், நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் அது படித்துவிடும். இன்னும் இரண்டு நாள் இருக்கின்றனவே, இன்றிரவு சோதித்துவிட்டு நாளைக் காலையில் பதிவோம்" என்றாள். விசைகளைத் தட்டுவதை ஒற்றன்போல் மறைந்திருந்து எழுதிக்கொண்டு, அதனைத் தன் தலைவனுக்கு அனுப்பும் தீநிரல்கள் உள்ளன என்பது மெய். உழவர் சிறிது தயங்கினார். பின், "களை இருக்கும் வயலில் உரம் போடக்கூடாதுதான்" என்று சொல்லி எங்களோடு அமர்ந்துவிட்டார்.

அலறிய அறிவிப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தேடினோம். உலாவியின் அமைப்புகளில், தனியுரிமையும் பாதுகாப்பும் என்னும் பகுதியுள், தளங்களுக்கு நாம் கொடுத்த உரிமைகளின் பட்டியல் உண்டு. அறிவிப்பு அனுப்பும் உரிமை பெற்றவற்றுள் யாரும் அறியாத பெயருடைய தளம் ஒன்று இருந்தது. உரிமை கொடுத்தவன் யார்? யானே. சில திங்களுக்குமுன் பழைய நூல் ஒன்றைத் தேடியலைந்தபோது ஒரு தளம், "நீர் மனிதர்தாம் என்பதைக் காட்ட, அனுமதி என்பதை அழுத்துக" என்றது. மனிதன்தான் என்று காட்டும் வேகத்தில் அழுத்திவிட்டேன். அன்று கொடுத்த உரிமையால்தான் அத்தளம் நாள்தோறும் மூலையில் வந்து கூவியது. உரிமையை நீக்கினோம், கூச்சல் நின்றது. அதனை நீக்க வேறு மருந்தொன்றும் வேண்டியதில்லை.

உலாவியின் நீட்சிகளையும் பார்த்தோம். நீட்சி என்பது உலாவியோடு பின்னர் ஒட்டவைக்கும் சிறு நிரல். சில நீட்சிகள் நாம் படிக்கும் பக்கங்களையெல்லாம் தாமும் படிக்கும் உரிமை பெற்றவை. எந்த நீட்சியால் தொல்லை என்று தெரியாதபோது மறைநிலைச் சாளரத்தைத் திறந்து பார்த்தல் நன்று. அங்கே நீட்சிகள் நாம் இசைவு தந்தாலன்றி இயங்கா, பழைய குக்கிகளும் பயன்படா. அங்கே செவ்வனே திறக்கும் பக்கம் வெளியே திறவாதாயின், நீட்சிகளை எல்லாம் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக இயக்கிக் காணவேண்டும். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றுவோர்க்கு எது பிணி, எது மருந்து என்று தெரியாது.

அதன்பின் காவலனை அழைத்தோம். விண்டோஸ் கணினிகளில் டிபெண்டர் என்னும் தீநிரல் காப்பு முன்னரே அமைந்திருக்கிறது. தனியே விலைகொடுத்து வாங்கவேண்டுவதில்லை. ஆயின் எங்கள் காவலனின் குறிப்பேடு பல திங்கள் பழையதாயிருந்தது. வீட்டு இணைப்பு அளவுடையதாயிருந்த காலத்தில், கட்டணம் மிகும் என்று அஞ்சி, புதுப்பித்தலை நிகழாதவாறு யான் குறித்துவைத்தேன். இணைப்பு மாறியபின் அக்குறிப்பை நீக்க மறந்தேன். சிக்கனம் சில சமயம் இவ்வாறு முடியும்.

குறிப்பேடு என்றது யாது? தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஏடு பார்க்கச் சென்ற இளமைக்காலம் எனக்கு நினைவு வருகிறது. ஒரே நூலின் இரண்டு ஏடுகளை அருகருகே வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால்தான் இடைச்செருகல் புலப்படும். தீநிரல் காப்பும் அத்தகையதே. இதுவரை அகப்பட்ட தீநிரல்களின் அடையாளங்களைக் குறித்துவைத்து, கணினியிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் அவற்றோடு ஒப்பிடும். நேற்றுப் பிறந்த தீநிரலின் அடையாளம் சென்ற ஆண்டுக் குறிப்பேட்டில் எவ்வாறு இருக்கும்? ஆகையால் நாள்தோறும் குறிப்பேடு புதுப்பிக்கப்பெறுகிறது. குறிப்பேட்டில் இல்லாதவற்றையும், அவற்றின் நடத்தை கண்டு ஐயுறும் ஆற்றல் இக்காலக் காப்புகளுக்கு உண்டு. ஆயினும் அது முற்றும் பிழைபடாதது என்று எண்ணிவிடலாகாது.

நல்ல நிரலை நல்லது என்று அறிவதற்கும் ஒரு வழி உண்டு. அதற்கு அந்தாதி நல்ல உவமை. திருக்கடவூர் அபிராமி பட்டர் இயற்றிய அபிராமி அந்தாதியை உங்களுட் பலர் அறிவீர்கள். ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக வரும். இடையே ஒரு பாட்டை எவரேனும் எடுத்துவிட்டாலும், புதியதொன்றைச் செருகினாலும், தொடர் அறுந்து தானே காட்டிக்கொடுக்கும். நிரலை வெளியிடுவோரும் அதன் எழுத்துகள் அனைத்தையும் கணக்கிட்டு ஒரு குறியெண்ணைப் பெறுகின்றனர். நிரலில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் முற்றும் மாறிவிடும். அதன்மேல் தம் மின்னொப்பத்தையும் இடுகின்றனர். வெளியிட்டவரின் தளத்தினின்றே நிரலைப் பெறுதல் வேண்டும் என்று வற்புறுத்துவது இது பற்றியே. எவனோ இலவசமாக எடுத்துவைத்த படியில் அவ்வொப்பம் சிதைந்திருக்கும்.

குறிப்பேட்டைப் புதுப்பித்துவிட்டு முழுச் சோதனையைத் தொடங்கினோம். பென்டிரைவும் செருகியபடியே இருந்தது. இரண்டு மணி நேரம் சென்றது. மழை வலுத்துவிட்டது. காவலன் ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டினான். அது கணினியில் இல்லை; பென்டிரைவில் இருந்தது.

யான் படங்களைக் காணத் திறந்தேனே, அவ்வுறை, அது உறையே அன்று. உறைபோல் உருவங்காட்டிய குறுக்குவழிக் கோப்பு. மெய்யான உறையை அத்தீநிரல் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்துவிட்டு, அதன் பெயரையும் உருவத்தையும் தான் பூண்டு முன்னே நின்றது. அதனைத் திறப்போர்க்கு மெய்யுறையையும் திறந்து காட்டிவிடும், படங்கள் தோன்றும், ஐயம் எழாது. அதற்கிடையே தன் தீச்செயலையும் தொடங்கிவிடும். செந்திரையாய் அலறிய நச்சுநிரல்கள் ஐந்தும் பொய். ஓசையின்றி வந்த இவ்வொன்றே மெய்.

பெயர்த்தி திரையைச் சுட்டி, "உருவத்தின் கீழ்மூலையில் ஒரு சிறு அம்புக்குறி இருக்கிறது, பாருங்கள். குறுக்குவழிக்கு மட்டும்தான் அது உண்டு" என்றாள். உழவர் உற்று நோக்கிவிட்டு, "இது குதிரைவாலிப் புல்லைப்போல அல்லவா இருக்கிறது!" என்று வியந்தார். இளம்பருவத்தில் நெல்லையும் குதிரைவாலிப் புல்லையும் நின்ற நிலையில் வேறுபடுத்துதல் அரிது. குனிந்து, இலையும் அதன் உறையும் கூடும் இடத்தைப் பார்த்தல் வேண்டும். நெல்லாயின் அங்கே சிறு நா போன்ற வெண்சவ்வு ஒன்று நீண்டிருக்கும். புல்லில் அது இராது. பழகிய கை அதனைத் தடவியே பிடுங்கிவிடும்.

கோப்புகளின் இயல்பை அறிவிப்பது அவற்றின் பெயரீறு. நம் மொழியில் விகுதி, சொல்லின் திணையையும் பாலையும் காட்டுவதுபோல, புள்ளிக்குப் பின்வரும் ஈறு, அக்கோப்புப் படமா, எழுத்தா, இயங்கும் நிரலா என்பதைக் காட்டும். விண்டோஸ் கணினி இவ்வீற்றைப் பெரும்பாலும் மறைத்தே வைக்கும். அது நல்லதன்று என்பது என் கருத்து. 2000ஆம் ஆண்டு மே திங்களில் பிலிப்பைன்ஸ் நாட்டினின்று புறப்பட்டு உலகெங்கும் மின்னஞ்சல் வழியே பரவிய தீநிரல் ஒன்று, காதற் கடிதம் என்னும் பெயரோடு இரண்டு ஈறுகளைப் பூண்டு வந்தது. முன்னது டி.எக்ஸ்.டி. என்னும் எழுத்துக்கோப்பின் ஈறு, பின்னது வி.பி.எஸ். என்னும் நிரலின் ஈறு. கணினி பின்னதை மறைத்துவிட, கடிதம் என்று நம்பித் திறந்தோர் எண்ணற்றோர். கோப்பு மேலாண்மைச் சாளரத்தின் காட்சி என்னும் பகுதியில், ஈறுகளையும் மறைந்துள்ளவற்றையும் காட்டுமாறு அமைத்துக்கொள்ளலாம். அவ்வாறே செய்தோம். மறைந்திருந்த மெய்யுறை மங்கலாக வெளிப்பட்டது. உழவரின் படங்கள் பழுதின்றி இருந்தன.

யான் ஒருமுறை அதனைத் திறந்துவிட்டமையால், கணினியினுள்ளும் வேர் இறங்கியிருக்குமோ என்னும் ஐயம் எஞ்சியிருந்தது. கணினி விழித்திருக்கும்போது சில தீநிரல்கள் காவலனின் கண்ணையே கட்டிவிடும். ஆகையால் விண்டோஸ் எழுமுன்னரே சோதிக்கும் ஆஃப்லைன் சோதனை என்பதையும் நடத்தினோம். கணினி தானே அணைந்து மீண்டெழுந்து, கால்மணி நேரம்போல் ஆராய்ந்தது. கணினி தொடங்கும்போது தாமே தொடங்கும் நிரல்களின் பட்டியலையும், அண்மையில் நிறுவப்பெற்றவற்றின் பட்டியலையும் பார்த்தோம். புதியதொன்றும் இல்லை. நல்லூழ் என்றே சொல்லவேண்டும்.

வீட்டுக் கணினிக்கு மட்டுமே இத்தகைய இடர் வரும் என்று எண்ணற்க. திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டி எழுந்த செய்தியொன்று 2019ஆம் ஆண்டில் நாடெங்கும் பேசப்பட்டது. இந்திய அணுமின் கழகத்தின் கணினியொன்றில் தீநிரல் காணப்பட்டது உண்மை என்று அக்கழகம் அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் அறிவித்தது. மைய அரசின் கணினி இடர்காப்புக் குழு செப்டம்பர் 4ஆம் நாளே அதனைக் கண்டு தெரிவித்திருந்தது. அக்கணினி, அலுவல் நிருவாகத்திற்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒன்று. மின்நிலையத்தை இயக்கும் உள்வலை அதனின்று பிரிக்கப்பட்டிருந்தமையால் நிலையத்திற்கு ஊறு நேரவில்லை என்று கழகம் கூறிற்று. பாசன வாய்க்காலையும் வடிகாலையும் ஒன்றாக்காத நம் முன்னோரின் அறிவை இங்கு நினைவுகூரலாம். அலுவலகக் கணினி அன்று அலறவில்லை, தேடியவர்களே கண்டார்கள்.

மைய அரசு 2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சைபர் சுவச்தா கேந்திரம் என்னும் தூய்மை மையத்தைத் தொடங்கி, தீநிரல் நீக்கும் கருவிகளை விலையின்றி வழங்கிவருகிறது. மற்றொன்றும் அறிக: விண்டோஸ் 10 என்னும் இயக்கமுறைமைக்குப் பொதுவாக வழங்கப்பெற்ற இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றன. உடைந்த கரையைக் கட்டாது விட்டுக் காவலனை மட்டும் நம்புதல் பயன்தராது.

மறுநாட் காலையில் உழவர் வந்தார். காப்பீட்டுத் தளத்தைத் திறந்தவுடன், முகவரியை முதலிற் படித்தோம். தமிழில் தொகைச்சொல்லைப் படிக்கும் முறையே இதற்கும் துணை. வாழைத்தோட்டம் என்பது வாழையன்று, தோட்டம். தோட்டவாழை என்பது தோட்டமன்று, வாழை. இறுதிச்சொல்லே தலைமையுடையது. இணைய முகவரியிலும், முதற் சாய்கோட்டுக்கு முன்னுள்ள இறுதிப் பகுதியே உரியவர் யார் என்பதைக் காட்டும். இந்திய அரசுத் தளமாயின் பெரும்பாலும் ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என். என்று அது முடியும். அவ்வெழுத்துகள் முகவரியின் தொடக்கத்திலோ இடையிலோ வந்து, ஈறு வேறாயிருப்பின் அது அரசின் தளமன்று. எங்கள் முகவரி முறையாக முடிந்திருந்தது. ஒரு நாழிகைக்குள் பதிவு நிறைவேறிற்று. ஒப்புகைச் சீட்டை அச்சிட்டுக் கொடுத்தேன்.

"ஒருவேளை அந்த எண்ணை நீங்கள் அழைத்துப் பணமும் போயிருந்தால் யாரிடம் முறையிடுவது, ஐயா?" என்று அவர் கேட்டார். 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும் என்றும், பணம் கைமாறிப் போகுமுன் நிறுத்தக் காலத்தாழ்வின்மையே துணை என்றும், வங்கிக்கும் அறிவித்து, கடவுச்சொற்களைப் பழுதில்லாத வேறொரு கருவியிலிருந்து மாற்றுதல் வேண்டும் என்றும் பெயர்த்தி எடுத்துரைத்தாள். அவர் அவ்வெண்ணைத் தம் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார்.

படங்களை வேறிடத்திற் படியெடுத்துக்கொண்டு, பென்டிரைவை முற்றும் துடைத்து அவரிடம் தந்தோம். அவர் வீட்டுக்குச் செல்லவில்லை. தலைமதகு வரை நடக்கும் பழக்கமுடையவர் அல்லவா? நேரே அந்த நகற்கடைக்குச் சென்று செய்தியைச் சொன்னார். கடைக்காரர் முதலில் சினந்தாராம். பிறகு தம் கணினியைச் சோதித்தாராம். அதே களை அங்கே வேரோடி நின்றது. அன்று பிற்பகல் வரை அவர் கடையில் நகலெடுக்கும் பணி நடைபெறவில்லை.